குங்குமம் வைத்த கேம் கியர்

டச்சுக்காரன் கடல் தாண்டிப் பழவேற்காட்டுக்கு வந்தான், கோட்டை கட்டினான், துணி ஏற்றினான், இங்கேயே செத்துப் புதைந்தும் போனான். எல்லாம் சரி. ஆனால் இந்த ஊரில் ஒரு கார் எஞ்சினைக் கடைசி நட்டு வரைக்கும் பிரித்து மறுபடி ஓடவைத்த முதல் ஆள் நான்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்பவர்களுக்கு நானே போய்ச் சொல்லியிருக்கிறேன்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு என்னிடம் சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு எஞ்சின்களில் கை வைத்துத்தான் தொழில் பழகினேன்.

கோட்டைக்குப்பத்தில் இறால் வியாபாரம் செய்த ஒரு அக்காவிடம் பழைய கார் ஒன்று இருந்தது. பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஐஸ் கொட்டிய இறால் கூடைகளை அதில் அடுக்கிப் பொன்னேரி ரயிலுக்குக் கொண்டுபோவார். ஓட்டுவதும் நான், பழுது பார்ப்பதும் நான். இறால் தண்ணீர் ஒழுக ஒழுகப் போனாலும், ஸ்டியரிங் பிடித்தால் எனக்குக் கலெக்டர் நினைப்புதான்.

ஒரு திங்கட்கிழமை எஞ்சின் முன்பக்கத்தில் கல்லை மென்றது மாதிரி சத்தம் கேட்டது. மூடியைத் திறந்தேன். கேம் கியரில் இரண்டு பல் உடைந்திருந்தது. எஞ்சினில் வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று சொல்லுகிற சக்கரம் அது. அதற்குக் கீழே சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். இரண்டிலும் ஒவ்வொரு பல்லில் ஒரு புள்ளி குத்தியிருப்பான். புள்ளியும் புள்ளியும் முகம் பார்த்து நிற்கும்படி மாட்டினால்தான் டைமிங் சரி. ஒரு பல் தவறினாலும் எஞ்சின் வேலைக்கு ஆகாது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளிக்கிழம காலைல கூடை ஏறணும். ஏறலனா பொன்னேரி பிட்டர் வராரு. ஐடிஐ படிச்சவரு. அப்புறம் வண்டி அவரு பொறுப்பு, நீ படகு பக்கம் போயிடு."

"இன்னாக்கா, என்னைய விட்டுட்டு அந்தாளா?"

"படிச்சவரு படிச்சவருதான்டா."

அந்த வார்த்தை என்னை மெட்ராஸ் வரைக்கும் துரத்தியது. பழைய சாமான் கடைகளில் நாள் பூராவும் அலசி, அலுமினியத்தில் ஒரு கேம் கியர் பிடித்தேன். பழைய இரும்புக் கியரில் பாதி எடைகூட இல்லை.

"வெயிட்டு இல்ல நைனா, எஞ்சின் சொன்ன பேச்சு கேக்கும்," என்றார் கடைக்காரர். வெள்ளை உலோகத்தில் புள்ளி கண்ணுக்குத் தெரியாது என்று, அந்தப் பல்லில் சிவப்புப் பெயின்ட் ஒரு சொட்டு வைத்தும் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலையில் அதை அக்காவிடம் காட்டினேன். எங்கள் பக்கத்தில் வலையோ துடுப்போ, புதுசாக எது வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். அக்கா கணக்கில் கியரும் அந்த வகைதான். வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அக்கா, அந்தச் செவப்பு மட்டும் இருக்கணும். அதான் குறி," என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

"தெரியும் போடா."

திரும்பி வந்தபோது கியர் மாரியம்மன் முகம் மாதிரி இருந்தது. முழுக்க மஞ்சள், உச்சியில் ஒரு பல் மேல் சிவப்பு. நானும் அந்தச் சிவப்பைப் பிடித்துக் கீழ்ப் புள்ளியோடு நேர் வைத்து மாட்டினேன். மூடி போட்டு, எண்ணெய் விட்டு, முன்னால் போய் ஹேண்டில் சுற்றினேன். எஞ்சின் கார்பரேட்டர் வழியாக ஒரு தும்மல் போட்டது. மறுபடி சுற்றினேன். இந்தத் தடவை நெருப்போடு தும்மியது. வேலி மேல் இருந்த கோழி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

"இன்னாடா, வண்டிக்கு ஜல்பு புடிச்சிக்கிச்சா?"

நான் தப்பு செய்கிற ஆள் இல்லை. அதனால் சந்தேகம் நேராக அக்கா மேல் போனது.

"அக்கா, அந்தச் செவப்பு கடைக்காரன் வெச்சதுதானே?"

"அது ஓரத்துல கோணையா இருந்துச்சுடா. அது மேல மஞ்சள அப்பிட்டு, நல்லா உச்சியில, வேற பல்லு மேல நானே குங்குமம் வெச்சேன். செவப்பு இருக்கணும்னுதானே சொன்னே?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. ஊரில் பலர் அதற்கு முயன்று தோற்றிருக்கிறார்கள். மூடியை மறுபடி கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியைக் கையில் எடுத்தேன்.

"தொடச்சே, கைய ஒடிச்சிடுவேன். அம்மனுக்கு வெச்சது. தானா போவணும்."

"உள்ள எண்ணெயில தானா போயிடும்க்கா. இப்ப நான் தொடச்சா இன்னா?"

"எண்ணெய்க்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல?"

இதற்கு ஐடிஐயில் பதில் சொல்லித்தருவார்களா என்று தெரியவில்லை. குறியும் கிடையாது, துடைக்கவும் கூடாது. ஒரு பீடி முடிகிற வரை எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அதனிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. மேல் மூடியைத் திறந்து வால்வுகளை வெளியே தெரியவைத்தேன். நாலாவது பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் சைக்கிள் கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வருகிற இடத்தைப் பிடித்தேன். அந்த இடத்தில் அதன் புகை வால்வு மூடி முடிக்க வேண்டும், பெட்ரோல் வால்வு திறக்கத் தொடங்க வேண்டும். இரண்டும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நிற்கிற ஒரே ஒரு நிலை உண்டு. கியரைப் பல் விலக வெளியே இழுப்பேன், வால்வைத் தூக்குகிற கேம் தண்டைக் கொஞ்சம் திருப்புவேன், உள்ளே தள்ளிப் பார்ப்பேன். ஒரு பல் கூட, ஒரு பல் குறைய. பொழுது சாய்வதற்குள் தட்டு சமமாக நின்றது. கையாலேயே இரண்டு சுற்று சுற்றினேன். எங்கும் இடிக்கவில்லை. மூடியைப் போட்டேன். ஓட்டிப் பார்க்க மட்டும் துணிச்சல் வரவில்லை. இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

வண்டி தும்மியதுமே அக்கா சொல்லியனுப்பிவிட்டார் போல, வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் பிட்டர் வந்து இறங்கினார். தேய்த்த பேன்ட், தோல் பை.

"குறி பாத்து மாட்டினியாப்பா?"

"குறி பாக்காமதான் சார் மாட்டினேன்."

"அப்பிடியெல்லாம் மாட்ட முடியாதே," என்றவர் பையைத் திறக்கப் போனார். நான் ஹேண்டிலைப் பிடித்தேன். அரைச் சுற்றுதான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் உடனே ஏறியது, விட்டால் உடனே இறங்கியது. பிட்டர் பையை மூடாமல் குனிந்து காது கொடுத்தார்.

"கழட்டிக் காட்டு, பாக்கணும்."

"ரயில் போயிடும் சார்," என்றார் அக்கா. "பாக்கணும்னா ஏறுங்க."

முன்னால் அக்கா. பின்னால் ஐஸ் கூடை மேல் பிட்டர், இரண்டு கையாலும் கூரையைப் பிடித்தபடி. காட்டூர் வளைவில் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைக்க அவசியமும் இருக்கவில்லை.

பொன்னேரியில் கூடைகளை இறக்கி வைத்தோம். ரயில் இன்னும் வந்திருக்கவில்லை. பின்பக்கம் நனைந்த பேன்ட்டோடு பிட்டர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"நாலாவது சிலிண்டர் வால்வு பாத்தா வெச்சே?"

"ஆமா சார்."

தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு, பையை இடுக்கிக்கொண்டு நடந்தார். அக்கா அவரைக் கூப்பிடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கி இன்னும் கொஞ்சம் வெள்ளனே வந்துடு. ரெண்டு கூடை அதிகம்."