மிதி பம்பும் எண்பது கிலோ ஆளும்

பட்டறையில் அவனுக்கு ‘வெந்நீர்’ என்று பேர். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன்போல அலைவான். சோற்றைக்கூட நின்றுகொண்டேதான் விழுங்குவான். “ஒரு வாய் உக்காந்து சாப்பிட்டா குடி முழுகிடுமா?” என்று மனைவி கேட்டு முடிப்பதற்குள் ஆள் தெருவில் இருப்பான்.

இருபது வருடம் இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் வெல்டிங் செய்தவன், மூன்று வருடமாக ஒரு மிதி பம்போடு மல்லுக்கட்டுகிறான். டீசல் வாங்கி மாளாத சிறு விவசாயிகளுக்கானது. இரண்டு மிதிகள், ஒன்று இறங்கினால் மற்றது ஏறும், குழாயில் தண்ணீர் வரும். கொடுத்துப் பார்ப்பது, குறை கேட்பது, திருத்துவது என்று ஏழு விவசாயிகளோடு சேர்ந்துதான் அதைச் செய்துகொண்டிருந்தான். நாளைக் காலை இருநூறு பம்புக்குத் தகடு வெட்டப்போகிறார்கள். வெட்டிவிட்டால் வெட்டியதுதான்.

அவனுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. காரணம், அந்த ஏழு பேரில் தக்காளி போட்டிருந்த அக்கா. அரை ஏக்கர், ஆழமில்லாத கிணறு, ஒற்றை ஆள். மற்ற ஆறு பேரும் வாஷர் தேய்கிறது, மிதி வழுக்குகிறது என்று அவனைப் பிய்த்தெடுத்தார்கள். இந்த அக்கா மட்டும் நாலு முறையும் “நல்லா இருக்கு தம்பி” என்றார். பட்டறை முதலாளி பூரித்துப்போனார். இவன் நம்பவில்லை. குறையே இல்லாத பம்பைச் செய்கிற அளவுக்குத் தான் பெரிய ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?

சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அக்கா பம்பின்மேல் நின்று மிதித்துக்கொண்டிருந்தார். முதுகில் ஓர் உரச்சாக்கு, கயிற்றால் இடுப்போடு கட்டியிருந்தது.

“என்னக்கா அது முதுகுல?”

கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல அக்கா இறங்கினார். “மணல் தம்பி. அது இல்லாம மிதி கீழ போகமாட்டேங்குது.”

“எத்தனை நாளா?”

“மொதல்ல இருந்தே.”

“ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?”

“வேகாத வெயில்ல நாலு தடவை வந்த. ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட நிக்காம ஓடற. உங்கிட்ட குறை சொல்ல வாய் வரல.”

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. பட்டறையில் மிதித்துப் பார்த்ததெல்லாம் அவன்தான். எண்பது கிலோ. அக்கா நாற்பதைத் தாண்டமாட்டார். வந்த நாலு முறையும் கேட்டான், பதில் வாங்கினான், பறந்தான்; அவர் மிதிப்பதை ஒருமுறைகூட நின்று பார்க்கவில்லை.

“மிதியை நீட்டினா கனம் குறையும்க்கா. ஆனா ஒரு மிதிக்கு வர்ற தண்ணியும் குறையும்.”

அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு பலகையோடு வந்தார். இரண்டையும் மிதிகளோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினான். அக்கா சாக்கில்லாமல் ஏறினார். தண்ணீர் மெலிதாக வந்தது, ஆனால் நிற்காமல் வந்தது.

“ஒரு மணி நேரம் கூடுதலா மிதிக்கணுமேக்கா.”

“மிதிச்சிட்டுப் போறேன். முதுகு தப்பிச்சுதே!”

போனை எடுத்து, தகடு வெட்ட வேண்டாம் என்றான். முதலாளி காது கிழியக் கத்தினார். “அந்தம்மாதான்யா நாலு தடவையும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க!”

அவன் சாக்கை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான்.

“பதினஞ்சு கிலோ மணல் இருக்கும் சார். இதை முதுகுல கட்டி மிதிச்சுட்டுதான் சொல்லியிருக்காங்க.”