இறுகிப்போன கால்

என் விளையாட்டுச் சாமான் விமர்சனக் காணொளிக்காகப் பெருவிரல் அளவு ரோபோ ஒன்று வந்திருந்தது. மடக்கினால் அது கார். விரிக்க அதன் காலை இழுத்தேன், வரவில்லை. என்னையறியாமல் அதைப் பல்லுக்குக் கொண்டுபோனேன்.

அப்போது யுத்த காலம், நான் சின்னப் பிள்ளை. திருகோணமலை இறங்குதுறைச் சோதனைச் சாவடியில், மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்காக நானும் அம்மாவும் வரிசையில் நின்றோம். கப்பலில் வேலை செய்த மாமா தந்த என் ரோபோவை, பைக்குள் அடங்கட்டும் என்று அம்மா மடக்கி வைத்திருந்தா. மடக்கினால் அது கைத்துப்பாக்கி. அம்மா அதை யோசிக்கவேயில்லை.

பையைத் திறந்த ஆமிக்காரன் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான்.

"விளையாட்டுச் சாமான், ஐயா!"

அம்மாவின் தமிழ் அவனுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்து, வெளியே எடு என்று சைகை காட்டினான். எடுத்தேன்.

"கெதியா விரிச்சுக் காட்டு பிள்ளை," என்று அவசரப்படுத்தினா அம்மா.

"ஏலாதம்மா, கால் இறுகிட்டுது."

பல்லால் கடித்து இழுத்தேன். 'டிக்' என்று கால் விரிந்தது. மேசையில் ரோபோ எழுந்து நின்றது. அவன் துவக்கைத் தாழ்த்தினான்.

மற்ற விமர்சகர்கள் இறுக்கமான மூட்டுகளைப் புகழ்வார்கள். நான் இந்தக் காருக்கும் புள்ளியைக் குறைத்தேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு, "பிள்ளையள் கெதியா விரிக்கக்கூடியதா இருக்கவேணும்" என்று மட்டும் எழுதுவேன்.