சப்பாத்தோடு போனவன்

சென்ற மாதம் ஒரு காலை கோழிக்கூட்டைத் திறந்தால், ஒரு பெட்டை கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கிறது. எச்சம் பச்சை. பகலுக்குள் இன்னொன்றும் விழுந்தது.

நான் பதறவில்லை. கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் கிளாக்கராக இருந்தவன். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு... தெரியாதவர்கள்தானே பதறுவார்கள்? நோயாளிகளைப் பிரித்தேன். செத்தவற்றை ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போட்டேன். மிருக வைத்தியருக்குப் போன் செய்தேன். வந்துவிட்ட நோய்க்கு மருந்தில்லை, நல்ல கோழிகளுக்கு அடுத்த வாரம் ஊசி போடலாம், அதுவரை எந்தக் கோழியும் இடம் மாறக் கூடாது என்றார்.

மற்றவர்களை எச்சரிக்க வேண்டாமா? உடனே தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் மேல் லயத்துக்கு ஏறினேன். ஆறு வீட்டில் கோழி உண்டு. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் நுழைந்து எச்சத்தைப் பரிசோதித்தேன். சீக்குக் கோழியை அறுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கறி அனுப்பக் கூடாது என்று ஆறு முறை பிரசங்கம் செய்தேன்.

லயத்தில் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுத்தான் நுழைவார்கள். நான் குனிந்தால் மட்டும், "பரவால்லீங்க ஐயா, சப்பாத்தோடயே வாங்க" என்பார்கள். நானும் இத்தனை வருடமாகக் குனிவதுபோல் ஒரு பாவனை செய்து நிமிர்ந்துவிடுவேன்.

கடைசி வீடு லெச்சுமியுடையது. கொழுந்து பறிப்பவர். ஏழு பெட்டை, ஒரு சிவப்புச் சேவல். அவர் மகளுக்கு இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. இப்போது நிறைமாதம். நல்லபடியாகப் பிறந்தால் இந்தச் சேவல் முனியாண்டிக்கு என்று நேர்ந்திருந்தார். நேர்ந்ததற்கு மாற்று கிடையாது.

என் பிரசங்கம் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சேவலைத் தனியாக்கி, வீட்டுக்குள் சாமிப் படத்தின் கீழே கூடை போட்டு மூடியிருந்தார்.

"இதையும் ஒருக்கா பாத்துடுங்க ஐயா."

சாமி இருக்கும் இடத்துக்கு மட்டும் யாரும் 'பரவால்லை' சொல்வதில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய், தூரத்திலிருந்தே பார்த்தேன். பிறகு மாட்டிக்கொண்டு, பின்பக்கக் கூட்டுக்குள் நுழைந்தேன்.

அடுத்த வாரம் வைத்தியர் என்னோடு வந்தபோது லெச்சுமியின் பெட்டைகளில் நான்கு போயிருந்தன. மற்ற ஐந்து வீட்டிலும் கோழிகள் தூங்கி விழுந்துகொண்டிருந்தன. வெளியாள் யாராவது கூட்டுக்குள் வந்தார்களா என்று கேட்டார்.

"யாருமே வரலீங்க சார்" என்றார் லெச்சுமி. "நம்ம கிளாக்கர் ஐயா மட்டுந்தான். அவரு என்ன வெளியாளா?"

வைத்தியர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சப்பாத்தைப் பார்த்தார்.

அன்று காலையில் நான் என் கூட்டுக்குள் மிதித்த அதே சப்பாத்து! நோய் தானாக அந்த மேட்டில் ஏறியிருக்குமா? நான் சுமந்துகொண்டு ஏறினேன். வீடு வீடாக.

சேவலை மூன்று வாரம் பார்க்கச் சொன்னார் வைத்தியர். நான் கீழே ரோட்டிலேயே நின்று தினமும் கேட்பேன்: "கூவுச்சா?" மேலிருந்து பதில் வரும்: "கூவுச்சுங்க." அலுவலக வாழ்க்கையில் எந்த அறிக்கைக்கும் நான் இப்படிக் காத்திருந்ததில்லை.

மூன்று வாரமும் கூவியது. போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். சேவல் நேர்ச்சைக்குத் தயார். அதன் கோணத்தில் இது அவ்வளவு நல்ல செய்தியல்ல என்பது வேறு விஷயம்.

குழந்தையைப் பார்க்கப் போனேன். வாசலில் ஒரு பழைய பேசின், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர். வழக்கம்போல் குனிந்தேன். 'பரவால்லை'க்காகக் காத்திருந்தேன்.

"சப்பாத்தை நனைச்சு, கழட்டி வச்சுட்டு வாங்க ஐயா" என்றார் லெச்சுமி.

மரியாதை கொடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை... வாசலில் நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.