காலணி கழற்றாத வரிசை

பிரேக் மாஸ்டர் என்று கேட்டால் அந்தப் பேட்டையில் யாரும் வழி காட்டுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர், இன்னும் பார்க்கிறவர். பயிற்சி வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் கால் அதை அழுத்தும். அழுத்தி அழுத்திப் பழகிய அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. சமையலறையில் டம்ளர் நழுவினால்கூட இவர் கூடத்தில் உட்கார்ந்தபடி தரையை அழுத்துவார். பேருந்தில் போய் இறங்கினால் முட்டி வலிக்கிறது என்பார்.

மற்றபடி தங்கமான மனிதர். ஒரே ஒரு வியாதி, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்பது. அந்த நாலு பேர் யார் என்று இதுவரை அவருக்கே தெரியாது. இருந்தாலும் சட்டை இஸ்திரி கலைந்தால் அவர்களுக்காகவே வீட்டுக்குத் திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போவார்.

மனைவி ஒரு துணிக்கடையின் பின்னறையில் தையல் வேலை பார்க்கிறாள். வாங்கிய பேன்ட் நீளம், சட்டை தொளதொள என்று வருகிறவர்களை நிற்க வைத்து, தான் மண்டியிட்டு, விளிம்பை மடித்துக் குண்டூசி குத்துவாள். உதட்டில் இரண்டு ஊசி இருக்கும். மிச்சத்தையெல்லாம் தன் உடுப்பிலேயே குத்தி வைத்துக்கொண்டு மறந்துவிடுவாள். “முள்ளம்பன்றியோட குடித்தனம் பண்றேன்” என்று மாஸ்டர் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். ஊர்க் கிழிசலையெல்லாம் தைத்துவிட்டு வருகிறவளுக்குத் தன் கிழிசலைப் பார்க்கப் பொழுது இருக்காது.

வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்க முதல்முறையாக விமானம் ஏறப்போன அன்றும் அவள் கடைக்குப் போய், அவசரமாகக் கேட்டிருந்த ஒரு கோட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, அப்படியே விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள். சோதனை வரிசையில் மாஸ்டருக்கு முன்னால் அவருடைய பழைய மாணவர் ஒருவர் நின்றார். இப்போது வங்கி மேனேஜர். குடும்பத்தோடு வந்திருந்தவர், “மாஸ்டர், உங்க புண்ணியத்துல இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் இல்லாம ஓட்டறேன்” என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். மாஸ்டர் ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டார். மனைவி பையைத் திறந்து எதையோ அடுக்கிக்கொண்டு நாலைந்து ஆள் பின்னால் தங்கிவிட்டாள். அவளை இழுத்து அறிமுகப்படுத்த இவருக்கும் தோன்றவில்லை.

ஷூவையும் பெல்ட்டையும் கழற்றித் தட்டில் வைத்து, வாசல்போல நின்ற கருவியைத் தாண்டி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் கருவி அலறியது. எதிரே கண்ணாடித் தடுப்பு. பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்ப்பது மாஸ்டருக்குத் தொழில், பார்த்தார். பெண் காவலர் ஒருத்தி அவர் மனைவியைத் தனியாக நிறுத்தி, உடுப்பிலிருந்து குண்டூசிகளைப் பிடுங்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். பிடுங்கப் பிடுங்க வந்தது. இடுப்பில் சொருகியிருந்த நூல் வெட்டும் கத்தரியும் வந்தது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். மனைவி ஷூவைக் கழற்றியிருந்தாள். சாக்ஸ் கிழிசலில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அதை மற்றக் காலால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

“இவங்களோட வந்தவங்க யாராவது இருக்கீங்களா?” என்று காவலர் இந்தப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

மேனேஜர் திரும்பினார். நல்ல மனிதர், உதவி செய்யத்தான் கேட்டார். “மாஸ்டர், உங்ககூட வந்தவங்களா?”

“இல்லயே. யாரோ, தெரியல.”

கால் தரையை அழுத்தியது. என்ன பிரயோசனம்? வாய்க்கு இரண்டாவது பிரேக்கை யாரும் வைக்கவில்லை.

மேனேஜர் குடும்பம் போன பிறகு, தூரத்தில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் ஷூவைக் கையில் பிடித்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “ரொம்ப நேரமாக்கிட்டேனா?” என்றாள். அவ்வளவுதான். அவள் நின்ற இடம் அதிகத் தூரமில்லை. ஆனால் சத்தமும் இருந்தது. கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா?

மகள் வீட்டில் இந்தக் கதையை அவளே சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். ஊசி, கத்தரி, பெருவிரல் எதையும் விடவில்லை. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அப்பா எங்க போனாரு?” என்று கேட்டாள். “உங்கப்பா முன்னாடியே போயிட்டாரு” என்றாள். மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தார். கட்டிய மனைவியை நாலு பேருக்கு முன்னால் யாரோ என்று சொன்ன வாயால்தானே சாப்பிட வேண்டியிருக்கிறது.

ஊர் திரும்பியும் அது விடவில்லை. கண்ணாடியைப் பார்த்து ஓட்டச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அதில் அவள் காலை மறைத்துக்கொண்டு நின்றாள். கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தார். கேட்டால், அவளுக்குத் தெரியாததையும் தானே சொன்னதாகிவிடும். சாமர்த்தியம்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு மாணவர் ஒரு விஷயம் சொன்னார். முன்கூட்டியே விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, நம்மைப் பற்றி விசாரித்து முடித்துவிட்டால், விமான நிலையத்தில் தனி வரிசையாம். ஷூ கழற்ற வேண்டாம், பெல்ட் கழற்ற வேண்டாம், விறுவிறுவென்று போய்விடலாமாம். மாஸ்டர் அன்றைக்கே இரண்டு பேருக்கும் விண்ணப்பம் போட்டார். உனக்குச் சிரமம் இருக்காது என்று மனைவியிடம் சொன்னார். அவள் சிரமத்தைப் பற்றித்தான் கவலை என்று தனக்கும் சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால், அதே கேள்வி இன்னொரு முறை வந்தால் தான் என்ன சொல்வோம் என்று அவருக்கே நம்பிக்கையில்லை.

நேர்காணல் அலுவலகத்தில் அவருடைய கைரேகை உடனே பதிந்தது. அவளுடையது பதியவில்லை. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அதிகாரி துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார், மறுபடியும் சொன்னார். அவள் குற்றம் செய்தவள்போல, “எல்லாம் ஊசிங்க சார்” என்றாள். மாஸ்டர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். இவர்கள் யார் என்று யாராவது கேட்டால் என் மனைவி என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் ரேகை பதிந்துவிட்டது.

இரண்டு பேருக்கும் அனுமதி வந்தது. ஆளுக்கொரு பயணி எண். டிக்கெட் வாங்கும்போது அந்த எண்ணைப் போட வேண்டும். இங்கேதான் மாஸ்டர் சறுக்கினார். அவர்கள் வீட்டில் எதற்கும் ஒரே எண்தான். வங்கி, டாக்டர், மகள் படித்த பள்ளி எல்லாவற்றுக்கும் அவருடைய போன் எண் ஒன்றே போதுமாக இருந்தது. அந்தப் பழக்கத்தில், அவளுடைய பயணி எண்ணைக் கவனமாக, சரிபார்த்துப் பார்த்துப் போட்டவர், தன் இடத்திலும் அதையே போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டார்.

அடுத்த பயணத்தில், வரிசைகள் பிரியும் இடத்தில் ஒரு காவலர் இரண்டு பேரின் சீட்டையும் வாங்கிப் பார்த்தார். அவளைத் தனி வரிசைக்குக் கை காட்டினார். எண்ணும் பெயரும் பொருந்தாததால் இவர் சீட்டில் தனி வரிசைக்கான குறி விழவில்லை. நீங்க அந்த நீள வரிசை என்றார். மாஸ்டர் விளக்கப் பார்த்தார். இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நாலு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

“நீ போ. நான் வந்துடறேன்” என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

அவள் நகரவில்லை. காவலர் அவளைப் பார்த்து, “அம்மா, இவரு உங்ககூட வந்தவரா?” என்று கேட்டார்.

அவள் மாஸ்டரை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார்.

“தெரிஞ்சவருதாங்க” என்றாள். “நான் இவரோடவே வரேன்.”

அவருக்குக் காது வரை சூடேறியது. கேட்டிருக்கிறது. அன்றைக்கே கேட்டிருக்கிறது. மகளிடம் சிரித்துக்கொண்டே கதை சொன்னபோதும், ரேகை பதியாமல் விரலைத் துடைத்துக்கொண்டபோதும், தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோதும் அது அவளிடம் இருந்திருக்கிறது. கால் தன்பாட்டில் தரையை அழுத்தியது.

நீள வரிசை மெல்ல நகர்ந்தது. மேஜைக்கு வந்ததும் அவர் குனிந்து ஷூவைக் கழற்றித் தட்டில் வைத்தார். தனி வரிசையில் போயிருந்தால் கழற்ற வேண்டியிருக்காத அவளும் கழற்றினாள். தைத்த சாக்ஸ் போட்டிருந்தாள். தன் ஷூவை அவருடைய தட்டிலேயே, அவருடைய ஷூவை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் வைத்தாள்.

“முன்னாடி போங்க” என்றாள்.

“நீ போ” என்றார். அவள் கருவியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று, அவர் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.