முத்தாண்டிக்குப்பத்தில் நின்ற வண்டி

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ராஜஸ்தான் சுரங்கத்துக்கு மாற்றலானபோது குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பினோம். சாமான்கள் எல்லாம் லாரியில் ஏறின. பைக் மட்டும் ஏறவில்லை. அதைப் பக்கத்து ஊரான முத்தாண்டிக்குப்பத்தில் என் நண்பன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் விட்டேன். நகர்த்தி வைக்க வேண்டியிருந்தால் உதவுமே என்று சாவியையும் கொடுத்தேன். அவனும் நானும் ஒரே நாளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்கள். எனக்கு பர்மனென்ட் கிடைத்தது. அவன் இன்றைக்கும் காண்ட்ராக்ட்தான். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

ஐந்து வருஷம் கழித்து நெய்வேலிக்கே திரும்பினோம். வேறு பிளாக்கில் வீடு கிடைத்தது. ஷிப்டுக்குப் போக வண்டி வேண்டுமே என்று அவனுக்கு போன் செய்தேன். “வந்துட்டியா!” என்று சந்தோஷப்பட்டான். நாளைக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

“ரெண்டு நாளு கழிச்சி வாயேன்” என்றான்.

அந்த இரண்டு நாள்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சும்மா நிற்கிற வண்டிக்கு எதற்கு இரண்டு நாள்?

லோடு ஆட்டோவோடு போனபோது வண்டி வெளியே தயாராக நின்றது. எஞ்சின் மேல் ஒரு விரற்கடை தூசி. சீட் மட்டும் பளபளவென்றிருந்தது. மீட்டரைப் பார்த்தேன். நான் விட்டுப்போன எண்தான். ஆனால் குனிந்து பார்த்தால் மீட்டர் கேபிள் கழன்று தொங்கியது. நான் விடும்போது மாட்டியிருந்ததா, இல்லையா? யோசிக்க யோசிக்க மாட்டியிருந்ததாகத்தான் தோன்றியது.

“குள்ளஞ்சாவடியில என் மச்சினன் ஒர்க் ஷாப் வெச்சிருக்கான். அவங்கிட்ட வுடு, நல்லா பாத்துக் குடுப்பான்” என்றான்.

மச்சினனா! சரி என்று தலையாட்டினேன். ஆனால் வண்டியை நேரே அங்கே கொண்டுபோகவில்லை. ஓர் இரவு என் வீட்டில் வைத்திருந்தேன். மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து கார்புரேட்டர், இக்னிஷன் காயில், ஷாக் அப்சார்பர் என்று எதையெல்லாம் மாற்ற முடியுமோ அதிலெல்லாம் ஒரு பொட்டு வைத்தேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

“என்னங்க இது?”

“அடையாளம்” என்றேன்.

மறுநாள் குள்ளஞ்சாவடிக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக்குக்கு, அதாவது அந்த மச்சினனுக்கு, முப்பது வயதிருக்கும். கிக்கரை மிதித்துப் பார்த்தான். கால் இறங்கவேயில்லை. எஞ்சின் இறுகிவிட்டது என்றான். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஊறவைத்தான். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. டேங்கின் அடியில் பெட்ரோல் பிசின் மாதிரி உறைந்து கிடந்தது. லீவு போட்டு மூன்று நாள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்கப் போனாலும் கிளாஸை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன். அவன் ஒரு பொருளை உள்ளே எடுத்துப் போனால் என் கழுத்தும் கூடவே போகும்.

இரண்டாம் நாள் அவன் கேட்டான். “சார், அங்கங்க குங்குமம் வெச்ச மாரி சேப்பா இருக்குதே, என்னாங்க அது?”

“தெரியலையே. என் பொண்ணு ஏதாவது விளையாடியிருப்பா.”

என் பொண்ணு பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் கார்புரேட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். “சார், இது இந்த வண்டியோடது இல்லீங்க. வேற வண்டியோடத மாட்டிக்கினு இருக்காங்க.”

வாங்கிப் பார்த்தேன். என் சிவப்புப் பொட்டு அதில் இருந்தது. அப்படியென்றால் இவன் மாற்றவில்லை. வண்டி என் கைக்கு வருமுன்பே யாரோ மாற்றிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, அந்த இரண்டு நாள் எதற்கென்று இப்போது விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

மனைவியின் ஸ்கூட்டரில் நேராக முத்தாண்டிக்குப்பம் போனேன். அவன் ஷிப்டு முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி தண்ணீர் சொம்போடு வந்தாள். நான் வாங்கவில்லை.

“வண்டியில எதையாவது கழட்டினியா?” என்றேன்.

துண்டால் முகத்தைத் துடைத்தவன் துண்டை எடுக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

“மீட்டர் கேபிள நாந்தான் கழட்டிவுட்டேன்” என்றான். “வண்டிய ஓட்டினேன். ரெண்டு வருசம். செகண்ட் ஷிப்டு முடிஞ்சா பஸ் கெடையாது, தெரியும்ல. அப்புறம் ஒரு நாளு சுரங்க கேட்டுல செக்யூரிட்டி புடிச்சிகினு வண்டி யாருது, பாஸ் யாரு பேருலன்னு கேட்டாங்க. பயந்துட்டேன். அதோட கொட்டகையில போட்டவன்தான், தொடவே இல்ல.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.”

“குடுத்திருப்ப. அதான் கேக்கல.”

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் விடவில்லை. “கார்புரேட்டர்?”

“அது எனக்குத் தெரியாது. சீட்டு கிழிஞ்சி பூட்டுது. அதத் தெச்சி குடுக்கத்தான் ரெண்டு நாளு கேட்டேன். வேற எதையும் தொடல.”

“ஓட்டினதையே இத்தன நாளா மறைச்சவன் சொல்றான், நான் நம்பணுமா?”

அவன் துண்டை உதறிக் கொடியில் போட்டான். அவன் மனைவி சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். நான் சந்தேகப்பட்டதுதான் சரி பார்த்தாயா என்கிற தோரணையில்தான் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

“கார்புரேட்டரா? அது நீங்க மாத்தினதுதானே?”

“நானா?”

“திருவதிகை கல்யாணத்துக்குப் போனப்ப பண்ருட்டியில வண்டி நின்னுபோச்சே. பாப்பா அப்ப வயித்துல. என்னைப் பலாப்பழக் கடையில உக்கார வெச்சுட்டு எங்கேயோ போய் மாத்திக்கிட்டு வந்தீங்க. புதுசு கிடைக்கல, பழசுதான் போட்டான்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தீங்களே.”

அவள் சொல்லச் சொல்லத்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பலாப்பழக் கடையின் ஈக்கள்கூட நினைவுக்கு வந்தன. நானே மாற்றிவிட்டு நானே மறந்து, பதினேழு வருஷத்துக்குப் பிறகு அதன் மேல் நானே பொட்டும் வைத்திருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் வண்டி கிளம்பியது. முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் விட்டு விட்டு ஓர் இருமல், அப்புறம் பழைய சத்தம். மெக்கானிக் கிளட்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பொட்டு வெச்ச சாமான் எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துக்குங்க சார்” என்றான். சிரிக்காமல்தான் சொன்னான். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அங்கிருந்து முத்தாண்டிக்குப்பத்துக்கே வண்டியை விட்டேன். அவன் முந்திரித் தோப்பு ஓரம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தபடி சொன்னேன்.

“கார்புரேட்டர மாத்தினது நான்தான்டா. மறந்தேபோயிட்டேன். தப்பு என் மேலதான்.”

“பரவால்லீங்க” என்றான்.

கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

“ஓட்டிப் பாரு. செகண்ட் ஷிப்டுக்கு வேணும்னா எடுத்துக்கோ” என்று சாவியை நீட்டினேன்.

“வேணாங்க. சைக்கிள் இருக்குதுங்க. உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

இருபது வருஷமாக வா, போ என்று பேசியவன். இப்போதும் சுரங்க கேட்டில் எதிர்ப்பட்டால் நின்று சிரிக்கிறான், மகள் எப்படிப் படிக்கிறாள் என்று விசாரிக்கிறான். எல்லாம் ‘ங்க’ போட்டுத்தான்.