மூன்றாவது வாக்குமூலம்

1. பத்திரிகை

“இந்தக் கதையை எழுதினது நீதானாய்யா?”

போஸ்டல் இன்ஸ்பெக்டர் ஒரு வாரப் பத்திரிகையை என் மேஜைமேல் விரித்துப் போட்டார். நாலைந்து வரிகளின் கீழ் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்திருந்தார். அச்சில் வந்த என் முதல் கதை அது. அதற்காக நான் சந்தோஷப்பட்டது பத்தே நாள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஓசூருக்கும் சூளகிரிக்கும் இடையில் ஒரு சப் போஸ்டாபீஸில் நான் கிளார்க். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏன் என்று படித்தால் புரியும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கடுதாசியில் தமிழ் என்று இருந்த ஊர். நான் சேலத்துக்காரன். வேலைக்கு வந்த நாளிலிருந்து கதை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். பங்களா, பியானோ, பட்டணத்துக் காதல். நான் பார்த்தே இராத விஷயங்கள். எல்லாம் திரும்பி வந்தன. ஒரு உதவி ஆசிரியர் மட்டும் ஓரத்தில் ‘நம்ப முடியவில்லை’ என்று எழுதியிருந்தார்.

2. நான் பார்த்தது

ரத்தினம்மாவின் புருஷன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் மாமனார் வெங்கடப்பாவோடு இருந்தாள். மாந்தோப்பும் கொஞ்சம் கேழ்வரகு நிலமும் இருந்த குடும்பம். மாதம் ஒரு கடிதம் மகனிடமிருந்து வெங்கடப்பா பெயருக்கு வரும். அவருக்குப் படிக்கத் தெரியாது. கவரைக் கிழித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற தாளை மட்டும் ஊர்ப் பள்ளி வாத்தியாரிடம் கொடுப்பார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியார் உரக்கப் படிப்பார் என்று ஊரில் சொல்வார்கள்.

கோலாரில் போட்ட கடிதமென்றால் ஸ்டாம்பின்மேல் கோலார் முத்திரையும் முதுகில் எங்கள் ஆபீஸ் முத்திரையும் இருக்க வேண்டும். இந்தக் கவர்களில் ஸ்டாம்பின்மேலேயே எங்கள் முத்திரைதான். அடித்தவன் நான். யாரோ ஊருக்குள்ளிருந்தே எங்கள் பெட்டியில் போடுகிறார்கள். மாதாமாதம் கவுன்டரில் ஒற்றைக் கவர் வாங்கிப்போகிறவள் ரத்தினம்மா. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள்.

கடிதத்தை நான் பிரிக்கவில்லை. பிரிக்கத் தேவையும் இருக்கவில்லை. புருஷன் மறந்துவிட்டான் என்று தெரிந்தால் அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. அதனால் அவளே எழுதிக்கொள்கிறாள். என்ன எழுதுவாள் என்று ஒரு வாரம் யோசித்தேன். ‘அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். மேற்குத் தோப்புக்குத் தண்ணீர் கட்ட அவளுக்குத்தான் தெரியும்’ என்று எழுதுவாள் எனத் தோன்றியது. கோலாரைக் கோயமுத்தூர் ஆலையாக்கி, பெயரை மாற்றி அனுப்பினேன். உடனே அச்சாகிவிட்டது.

வாத்தியார் அந்தப் பத்திரிகையை வாங்குகிறவர். ரத்தினம்மாவின் கடிதத்தில் ஏறக்குறைய அதே வரிகள் இருந்திருக்கின்றன. அவர் போய்ச் சொல்ல, வெங்கடப்பா புகார் கொடுத்துவிட்டார்.

3. விசாரணை

வெங்கடப்பா துண்டில் முடிந்து கொண்டுவந்த கவர்களை மேஜைமேல் அவிழ்த்தார்.

“எங்க ஊட்டுக் கடுதாசியப் பிரிச்சுப் படிச்சிருக்கான் இவன். அது ஒண்ணுங்க. இன்னொண்ணு, மருமவளே எழுதறான்னு கதையில போட்டிருக்கான். எம் பையன் எழுதறானா இல்லியா? நீங்க தபாலு ஆளு. பாத்துச் சொல்லுங்க.”

வேலை போவது ஒரு பக்கம். இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை சொன்னால் அன்று சாயங்காலமே அந்தப் பெண் தெருவில் நிற்பாள்.

அவர் ஒரு கவரை எடுத்தார். முன்னால் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது. இருபது வருஷ சர்வீஸ்காரர், தெரியாமலிருக்காது. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

“முத்திரையெல்லாம் சரியா விழுந்திருக்கு பெரியவரே. கவரைப் பிரிச்சு ஒட்டின அடையாளம் இல்லை. வெளியில உக்காருங்க.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கிழவர் சந்தேகத்தோடேயே எழுந்து போனார்.

இன்ஸ்பெக்டர் வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். “கடுதாசியில இருக்கறது உனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு எழுது. மேல போற பேப்பர். படிக்கறவர் என்னை மாதிரி. யாரையும் நம்ப மாட்டார்.”

முத்திரையைப் பற்றி எழுதினால் அவள் கதி முடிந்தது. வாத்தியார் படித்ததைக் கேட்டேன் என்று எழுதுவதுதான் வழி. உண்மையில் அந்த டீக்கடைக்கு நான் போனதே கிடையாது. எழுதினேன். எந்த பெஞ்சு, எந்தத் திசை, வாத்தியார் என்ன நிறச் சட்டை, வெளியே என்ன வண்டி நின்றது, எல்லாம்.

படித்துவிட்டுக் கிழித்தார். “நெசமா கேட்டவனுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்காது.”

இரண்டாவது தாள். ஆபீஸ் முடிந்து அந்த வழியாகப் போகையில் தற்செயலாகக் காதில் விழுந்தது என்று நாலே வரி.

அதையும் கிழித்தார். “இதுல நீ எல்லாத்துலயும் நல்லவனா இருக்கே. அதான் சந்தேகமா இருக்கு.”

அவர் எனக்கு வழிவிடுகிறாரா, சிக்கவைக்கப் பார்க்கிறாரா என்று புரியவில்லை. மூன்றாவது தாளில் இப்படி எழுதினேன்: ‘எனக்குச் சொந்தமாகக் கற்பனை வராது. அனுப்பிய கதைகள் எல்லாம் திரும்பி வந்தன. அதனால் டீக்கடையில் கடிதம் படிக்கும்போது வேண்டுமென்றே போய் நின்று ஒட்டுக் கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன். கடிதம் எழுதுவது மனைவி என்பது மட்டும், பத்திரிகைக்காரர்கள் விரும்புவார்கள் என்று நான் சேர்த்த பொய்.’

முத்திரையில் நான் கண்ணால் கண்ட உண்மை ஒன்றுதான், அவளே எழுதுகிறாள் என்பது. அதைப் பொய் என்று எழுதினேன். யோசித்துக் கண்டுபிடித்த வரிகளைத் திருட்டு என்று எழுதினேன். கையெழுத்துப் போடும்போது அவமானத்தில் காது சுட்டது.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். கிழிக்கவில்லை. கிழவரை அழைத்து உரக்கப் படித்துக் காட்டினார்.

வெங்கடப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒட்டுக் கேட்டுப் பொழைக்கறியா? படிச்சவன் பண்ற வேலையா இது?”

அவர் அதை நம்பினார் என்றுதான் அன்று நினைத்தேன். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, தர்மபுரிப் பக்கம் டிரான்ஸ்பர், இலாகா அனுமதி இல்லாமல் இனி கதை எழுதக் கூடாது என்ற உத்தரவு.

4. கவுன்டர்

ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள் ரத்தினம்மா கவுன்டருக்கு வந்தாள். வழக்கம்போல ஒரு கவர் கேட்டாள். எடுத்துக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னேன்.

“கோலார் போறவங்க யார் கையிலயாவது குடுத்து அங்க போடச் சொல்லுங்க. முத்திரை அங்கயே விழும்.”

அவள் முகம் மாறவில்லை. கவரை முந்தானையில் செருகிக்கொண்டாள். போகவில்லை.

“கதையில அந்தப் பொண்ணு கடைசில கெணத்துல உளுந்து செத்துப்போயிட்டாளாமே. வாத்தியார் சொன்னாரு.”

“ஆமாங்க.”

“ஏன் சார்?”

“கதை முடியணும் இல்லீங்களா?”

“மாமனாரு, வாத்தியாரு, ஊரு, அத்தனை பேரு கண்ணுக்கு முன்னால சமாளிச்சவ அவ. அவ எதுக்கு சாவறா? உங்களுக்கு மேல எழுதத் தெரியலன்னா அதுக்கு அவளா கெடைச்சா?”

பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவள் நகர்ந்துவிட்டாள்.

5. பிறகு

நாலைந்து வருஷம் கழித்து அந்த வாத்தியாரைக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவரும் மாற்றலாகியிருந்தார். ரத்தினம்மாவின் புருஷன் வரவேயில்லை என்றார். விசாரணை முடிந்த அடுத்த மாதத்திலிருந்தே வெங்கடப்பா அவரிடம் கடிதம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாராம். மருமகளையே எதிரில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வாராம். சாகிற வரைக்கும் அப்படித்தான். அவள் படித்து முடித்ததும், “பையன் நல்லா எழுதறான்” என்பாராம். தோப்பை அவள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுத்தான் செத்தார்.

பஸ் வந்தும் நான் ஏறவில்லை. அவள் கதைக்கு இப்படி ஒரு முடிவு எனக்குத் தோன்றியே இருக்காது.

அனுமதி வாங்கி மறுபடி எழுத ஆரம்பித்து, ரிட்டயரான பிறகும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை எழுத வருகிற பிள்ளைகள் கேட்டால் இதைத்தான் சொல்வேன். உங்கள் பாத்திரங்களைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் உங்களைச் சந்தேகப்படுங்கள். முக்கியமாக, கடைசிப் பக்கத்தில்.