கட்டிலுக்கு மேலே ஓர் ஆணி

தோசையைக் கடித்தால் என் தங்கை தாரணிக்குப் பல்லோடு பல் சேராது. கீழ்த்தாடை அவ்வளவு துருத்தி இருந்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்காக அல்ல, ஒழுங்காகச் சாப்பிடத்தான் அவள் இரண்டாயிரத்து ஒன்றில் ஆபரேஷன் செய்துகொண்டாள். சொன்னபோது எங்கள் ஒக்கலிபுரத்தில் ஒருவரும் நம்பவில்லை.

தாடையை வெட்டிச் சரிசெய்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டி அனுப்பினார்கள். ஆறு வாரம் வாய் திறக்காது. கஞ்சித் தண்ணீர் சிரிஞ்சில், பேச்சு நோட்டில்.

"வாந்தி வந்தா குனிய வைங்க. மூச்சு அடைச்சா உடனே கம்பியை வெட்டுங்க. கட்டிங் பிளேயர் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும்" என்றார் டாக்டர்.

அப்பா எத்திராஜ் மோட்டார் வைண்டிங் கடைக்காரர். தன்னிடம் இருந்ததிலேயே நல்ல பிளேயரைக் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினார். கண் விழித்ததும் தாரணி அதைத்தான் முதலில் பார்ப்பாள்.

ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் ஆயுத பூஜை. "வீட்ல இருக்கிற சாமானெல்லாம் எடுத்துக் குடும்மா" என்றார் அப்பா. சுத்தியல், அரிவாள்மனை, திருப்புளி, எல்லாவற்றையும் கடைக்குப் போகும் கூடையில் போட்டேன். ஆணியில் இருந்ததையும் நான்தான் எடுத்துப் போட்டேன். கருவி என்றால் பூஜைக்கு. அதற்குமேல் என் புத்தி போகவில்லை.

மதியம் தெருவெல்லாம் பூசணிக்காய் உடைத்து, குங்குமம் சிவப்பாகக் கிடந்தது. ஊதுபத்திப் புகை தாரணிக்குக் குமட்டியது. ஆணியைப் பார்த்தாள். அது காலி. நோட்டில் கிறுக்கினாள்: "எங்க?"

அம்மா அவளைக் குனிய வைத்துப் பிடித்துக்கொள்ள, நான் கடைக்கு ஓடினேன். ஷட்டர் திறந்தே இருந்தது. ஆரத்தி அப்போதுதான் முடிந்து, பிளேயர் சந்தனப் பொட்டோடு படத்துக்கு முன்னால் இருந்தது.

"அப்பா, அதைக் குடுங்க! தாரணிக்குக் குமட்டுது!"

"பூஜையில வெச்சதை நாளைக்குத்தான எடுக்கணும், எத்திராஜ்?" என்றார் பக்கத்துக் கடை அப்பாதுரை.

அப்பாவின் கை நீண்டது. பாதியில் நின்றது. முப்பது வருடம் அவர் அந்த வழக்கத்தை மீறியதில்லை. சாமி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். நானே பாய்ந்து எடுத்திருக்கலாம். எனக்கும் கை வரவில்லை. பிறகுதான் அவர் அதைப் பிடுங்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினார்.

நாங்கள் போனபோது வாந்தி பல்லிடுக்கு வழியாக வெளியேறி முடிந்திருந்தது. தண்ணீராகவே குடித்ததால் தப்பித்தாள். முகம் நீலம் பாய்ந்திருந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

தாடை நன்றாகவே கூடியது. ஆறாவது வாரம் கம்பியைப் பிரித்தார்கள். நாக்கு இன்னும் தடுமாற, அவள் முதலில் கேட்டது இதைத்தான்:

"அன்னிக்கு ஏம்ப்பா அவ்ளோ நேரம்?"

"ஷட்டர் மாட்டிக்கிச்சும்மா" என்றார் அப்பா.

தாரணி என் பக்கம் திரும்பினாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.